மணியை அடித்தது யார்?

போன ஞாயிறு பதுளையில் ஒரு பூசை. போன மாதம் மலைப்பாதையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்ததே — அதில் இறந்தவர்களுக்காக. கோயில் நிறைந்து வாசல் வரை கூட்டம். பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் தேத்தண்ணி கொடுத்தார்கள். தேத்தண்ணியோடு நிறுத்தியிருக்கலாம். சாட்சி சொல்லவும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். யாருடைய யோசனையோ... அவர் நன்றாக இருக்கட்டும்.

ரிட்டயரான கிளாக்கர் ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர், எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த பஸ்ஸில் போக வேண்டியவராம். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுத்தார். தைத்து வாங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"ஆண்டவர்தான் என் செருப்பை அறுத்தார்" என்றார். ஹால் முழுக்க "ஆமென்" என்றது.

நானும் தலையாட்டத்தான் போனேன். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைக் கவனித்தேன். பதினாறு, பதினேழு வயதிருக்கும். அவளுடைய அப்பா அந்த பஸ்ஸில் போனவர். அவள் கிளாக்கரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை என்னை விடவில்லை. அவளுடைய அப்பா ஒருவேளை புதுச் செருப்பு போட்டிருந்தாரோ? அதுதான் அவர் செய்த குற்றமோ?

கிளாக்கரைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த அருகதை கிடையாது. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களிடம் இத்தனை நாள் மறைத்த ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். அற்புதத்தைக் கத்தோலிக்கர்களான நாங்கள் 'புதுமை' என்போம். நான் ஒரு புதுமை செய்திருக்கிறேன். ஆமாம், நானேதான். மூன்று தோட்டத்து ஜனங்கள் அதை நம்பினார்கள்.

அறுபதுகளின் கடைசி. அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம் — பேர் வேண்டாமே. அங்கே பள்ளிக்கூடத்து மாஸ்டர் நான். ஐந்து வகுப்பு, ஒரு ஹால், ஒரு மாஸ்டர். சம்பளம் அதற்கு மட்டும்தான். சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் இருந்தது — மாதா கோயில் உபதேசியார். பண்டாரவளையிலிருந்து ஃபாதர் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் செபமாலை, ஞானோபதேசம், மணி எல்லாம் என் பொறுப்பு.

மணியில் இரண்டு வகை. பூசை மணி சாதாரணம். துக்க மணி அப்படியல்ல. ஒரு அடி அடித்து, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லும் நேரம் பொறுத்து, அடுத்த அடி அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஆணும் பெண்ணும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சாவு வீட்டுக்குப் போய் முகம் காட்ட வேண்டும். இந்துக்களும் வருவார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்குத் தப்புப் பறை அடித்தால் நாங்கள் போவோம். மழை, காய்ச்சல், களைப்பு — சாக்கு எதுவும் எடுபடாது. இன்று முகம் காட்டாதவனுக்கு நாளை யார் தோள் கொடுப்பார்கள்?

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. பச்சை உடம்புக்காரி. பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. கைக்குழந்தையையும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இதில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் இல்லை.

சரி, நான் செய்த கூத்துக்கு வருகிறேன். அந்த வருடம் ஒரு சனிக்கிழமை கங்காணி ஒருவரின் மாமனார் இறந்துபோனார். மணி அடிக்க வேண்டிய நான் பண்டாரவளைத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து மணிக் கயிற்றைப் பிடித்தபோது குழியே வெட்டி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தைத் தாண்டிப் போகவே பயம்.

"மாஸ்டர், நான் வர்ற வாரம் செத்துப்போலாம்னு இருக்கேன். பண்டாரவளையில படம் மாத்திட்டாங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்பாள் ஒருத்தி. சுற்றி நிற்பவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அப்போதே ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அடுத்த சாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாளாக விடவில்லை. சூசைமுத்து கங்காணிக்கு நெஞ்சில் சளி கட்டிக் கடுமையான காய்ச்சல். டிஸ்பென்சர் ஐயா கையை விரித்துவிட்டார். ஃபாதர் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். இனி ஆண்டவர் விட்ட வழி என்று ஆகிவிட்டது.

இடத்தைச் சொல்லிவிட்டால் உங்களுக்குப் புரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை மேல், மேட்டு லயம். சூசைமுத்து அங்கே இருந்தார். ஓடைக்கு இந்தப் பக்கம், மலைச்சரிவின் அடியில், பள்ளத்து லயம். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த எட்டுக் காம்பிராக்கள், அதாவது எட்டு ஒற்றை அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மேட்டில் மாதா கோயிலும் என் பள்ளிக்கூடமும்.

செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை இருக்கும். மழையினால் வேலையை முன்னாலேயே நிறுத்தி எல்லோரும் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மேட்டு லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. சூசைமுத்துவின் மனைவி லூர்தம்மாளின் குரல். அந்தக் குரலுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. அப்புத்தளை ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும்.

போய்ப் பார்த்தேனா? இல்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே மணிக்கு ஓடினேன். அடித்தேன். அடித்து முடித்தபோது எனக்குள் எத்தனை பெருமை... பிணம் சில்லிடுவதற்கு முன் மணி அடித்த உபதேசியார் ஊவா மாகாணத்தில் வேறு யார் இருக்கிறார்?

பள்ளத்து லயம் மொத்தமும் ஓடையைத் தாண்டி மேட்டு லயத்துக்கு ஏறியது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கடைசியில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சூசைமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

மூர்ச்சையாகிக் கிடந்தவரை லூர்தம்மாள் போய்விட்டார் என்று நினைத்து அழுதிருக்கிறாள். அழுகைச் சத்தத்தில் அவர் கண் விழித்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்த்து, காய்ச்சலும் விட்டுவிட்டது. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் கவலையோடு கேட்டார்:

"யாருப்பா செத்தது?"



லூர்தம்மாள் எழுந்து நின்று கேட்டாள்: "எந்தப் பாவி மணி அடிச்சது? எந் தாலியை அறுக்கப் பாத்தது யாரு?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் கண் முன்னால் கொழுந்துக் கூடைகளும் அந்தச் சிரிப்பும் வந்து நின்றன. தாமதமாக அடித்ததற்கே இரண்டு மாதம். உயிரோடு இருப்பவருக்கு அடித்ததற்கு? ஆயுள் தண்டனைதான். என் வாய் தானாகச் சொன்னது:

"எனக்கு என்ன தெரியும்? நானும் மணிச் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒரு சத்தம் வந்தது. மேலே ரோட்டில் லொறி ஏதோ வருகிறது என்று நினைத்தேன். மலை வந்துகொண்டிருந்தது. மண்ணும் மரமும் தேயிலைச் செடியும் ஒன்றாக இறங்கின. பனிமூட்டம் கொஞ்சம் விலகியபோது கீழே, ஓடைக்கு எதிர்ப்பக்கம், பள்ளத்து லயம் இல்லை. ஒரு மூலைச் சுவரும் கொஞ்சம் தகரமும் தெரிந்தன.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பேர் கூப்பிடுவாரே, அதே குரலில் மழைக்குள் நின்று பள்ளத்து லயத்துப் பேர்களை வரிசையாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்றார்கள். இரண்டு பேரிடமிருந்து மட்டும் பதில் இல்லை. ஆரோக்கியம், அவன் மனைவி பிலோமினா.

கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியம் பாதையில் ஏறி வந்தான். நெஞ்சோடு சேர்த்துக் கம்பளிக்குள் குழந்தை. பிறந்து இருபத்தொரு நாள். இருமல் என்று டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். மழைக்கு அங்கேயே ஒதுங்கி நின்றிருக்கிறான். அவனைப் பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பிலோ எங்க?" என்றான்.

பிலோமினா பச்சை உடம்புக்காரி. சாவு வீட்டுக்கு வரக் கூடாதவள். தன் காம்பிராவில் இருந்தாள்.

மறுநாள் மத்தியானம்தான் அவளை எடுத்தோம். அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குத் தெம்பு இல்லை. அவளுக்கும் துக்க மணி அடித்தேன். அந்த முறை யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதுமை எப்போது பிறந்தது? அடக்கம் முடிந்து திரும்பும் வழியிலேயே பிறந்துவிட்டது. முதலில் சொன்னவள் — மணி அடித்த பாவியைத் தேடினாளே — அதே லூர்தம்மாள்தான். செத்தவர் இல்லை. மாஸ்டர் அடிக்கவில்லை. ஆனாலும் மணி அடித்தது. அந்த மணியால் லயமே பிழைத்தது. அப்படியானால் அடித்தது யார்? மாதா.

யாருக்குத்தான் மறுத்துப் பேச மனம் வரும்? பிழைத்தவர்கள் அத்தனை பேரும் அங்கேயே முழங்காலில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். தனியாக நின்றால் தெரிந்துவிடுமே.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டுக்கும் விஷயம் எட்டிவிட்டது. அடுத்த வாரம் அப்புத்தளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பண்டாரவளையில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் கடைக்காரர், தன்னிடம் ஒரு மெழுகுவர்த்தி மிச்சமில்லை, உங்கள் மாதா இன்னும் எத்தனை நாள் மணி அடிப்பார் என்று சொன்னால் கொழும்புக்கு ஆர்டர் எழுதிவிடுவேன் என்றார். மணிக் கயிற்றை நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள். கையில் கட்டினால் காய்ச்சல் வராதாம். அந்தக் கயிற்றைக் கையாலேயே இழுத்த எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

சூசைமுத்துவுக்குத்தான் ஏக மரியாதை. தான் மூர்ச்சை ஆகவில்லை, நிஜமாகவே செத்து மோட்சத்துக்குப் போய்த் திரும்பியதாக அவர் சொல்ல ஆரம்பித்தார். மோட்சம் எப்படி இருந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "தொரை பங்களா மாதிரிதாங்க. ஆனா நாய் இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — அந்த மௌனம் சுகமாகவே இருந்தது. தியேட்டர் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. வருடக்கணக்கில் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் செபமாலைக்கு வந்தார்கள். இரண்டு பேர் சாராயத்தை விட்டார்கள். ஜனங்களின் விசுவாசம் வளரும்போது அதில் போய் மண்ணைப் போடுவதா? எனக்கு நானே பிரசங்கம் வைத்துக்கொண்டேன். நல்ல பிரசங்கம். ஒரே ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது.

பள்ளத்து லயத்துக் குடும்பங்களை என் பள்ளிக்கூட ஹாலில்தான் தங்க வைத்திருந்தார்கள். ஆரோக்கியமும் அங்கேதான் இருந்தான். லயத்துப் பெண்கள் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். முக்கால்வாசி நேரம் அது லூர்தம்மாள் மடியில் இருக்கும். ஆரோக்கியம் யாரிடமும் பேச மாட்டான். அழவும் இல்லை. வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஹாலில் புதுமையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவான்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, ஃபாதர் வந்தார். புதுமை என்று பேச்சு கிளம்பினால் திருச்சபை உடனே மாலை போட்டுவிடாது. விசாரிக்கும். ஃபாதர் என்னைவிட இரண்டு வயது இளையவர், குண்டான மனிதர், சிரித்த முகம். மணிக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினார். லூர்தம்மாளிடம் மட்டும் அரை மணி நேரம். என்னிடம் ஒரே கேள்வி. மணி அடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்றார். ஸ்கூல் பக்கம்தான் ஃபாதர் என்றேன். மணியும் ஸ்கூல் பக்கம்தானே இருக்கிறது... "ம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார்.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதுவதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆளைக் கேட்க வேண்டும் என்று. யாரை என்றார்கள்.

"ஆரோக்கியத்தை."

கூட்டம் திகைத்துவிட்டது. பன்னிரண்டு நாளில் அவனைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அன்று பொழுது சாயும் நேரம் நான் கோயில் படியில் இருந்தேன். ஆரோக்கியம் குழந்தையோடு வந்து எதிரில் நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாமி என்னக் கேக்கணும்னாராம். நான் என்னத்தச் சொல்றது மாஸ்டர்? மாதா எல்லாத்தையும் கூப்பிட்டா. குடிகாரனையும் கூப்பிட்டா, கோயிலுக்கே வராதவனையும் கூப்பிட்டா. இவள மட்டும் கூப்பிடல. பச்ச ஒடம்புக்காரி மணி கேட்டாலும் வரமாட்டான்னு மாதாவுக்குத் தெரியாதா? மாதாவும் புள்ள பெத்தவதானே?"

நான் குனிந்துகொண்டேன்.

"நாங்க என்னமோ தப்புப் பண்ணியிருக்கோம். எதுன்னு தெரிஞ்சா பாவசங்கீர்த்தனம் பண்ணிருவேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தோனியாருக்கு நேந்துவிட்ட சேவல தீபாவளிக்கு அடிச்சுத் தின்னுட்டோம். பக்கத்து வீட்டுல எல்லாரும் கறி காச்சினாங்க, இவ புள்ளத்தாச்சி, ஆசப்பட்டா... அதுவா மாஸ்டர்?"

வாசகர்களே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் பன்னிரண்டு நாளாக எனக்கு வைத்துக்கொண்ட பிரசங்கம் ஒன்றும் வாயில் வரவில்லை. ஒரு சேவலுக்காக மலையையே தள்ளிவிடும் ஒரு கடவுளை இவன் தலைக்கு மேல் வைத்தது யார்? நான். கேலிக்குப் பயந்து சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

"ஆரோக்கியம், மணி அடிச்சது மாதா இல்ல. நான்தான். சூசைமுத்து செத்துட்டார்னு நெனச்சு, போய்ப் பாக்காம அடிச்சேன். திட்டுவாங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவன் மெதுவாகப் படியில் உட்கார்ந்தான். குழந்தை தன் கையைச் சூப்பிக்கொண்டிருந்தது.

"அப்போ மாதா அவள விட்டுட்டுப் போகல?"

"இல்ல."

"சேவலும் இல்ல?"

"சேவலும் இல்ல ஆரோக்கியம். மழ. மண்ணு. அவ்வளவுதான்."

அப்போதுதான் அவன் அழுதான். பன்னிரண்டு நாளில் முதல் முறையாக, குழந்தை பயந்துபோகும் அளவுக்கு அழுதான். அதுவரை அவன் பயத்தில் இருந்திருக்கிறான். பயந்துகொண்டிருப்பவனால் மனைவிக்காக அழக்கூட முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் அழுதேன்.

ஃபாதர் அன்று என் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தார். நான் போனபோது அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசியைக் களைவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும் மாஸ்டர்" என்றார். "அன்னைக்கி மணி ஓட்டமா அடிச்சதாம், நடுவுல அரை மந்திரம்கூடச் சொல்ல முடியலன்னு லூர்தம்மா சொன்னாங்க. மாதா அடிச்சிருந்தா நிதானமா அடிச்சிருப்பாங்க."

அபராதம் என்ன என்று கேட்டேன். நாளைக்குப் பூசையில் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்றார். பத்து செபமாலை சொல்கிறேனே என்று பேரம் பேசிப் பார்த்தேன். பருப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஞாயிறு காலை. மூன்று தோட்டத்துக் கூட்டம். சொன்னேன். தியேட்டரிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன்.

கல் விழும் என்று எதிர்பார்த்தேன். கல் விழவில்லை. என் பேச்சுத்தான் எடுபடவில்லை. லூர்தம்மாள் எழுந்து நின்றாள், மடியிலிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே.

"மாஸ்டர் அடிச்சா என்னங்க சாமி? மாஸ்டர் கையப் புடிச்சு அடிக்க வச்சது மாதாதானே?"

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு. புதுமை பிழைத்துக்கொண்டது. முன்பைவிடப் பெரிதாகவே பிழைத்தது. என் தப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது. எனக்கே ஒரு நொடி, இருக்குமோ என்று தோன்றியது. மனித மனம் இருக்கிறதே...

ஃபாதர் சிரித்தார். "இருக்கலாம் லூர்தம்மா. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா என்னப் பாத்துச் சொல்லாதீங்க. அந்தா ஆரோக்கியம் இருக்கான். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடிஞ்சாச் சொல்லுங்க."

லூர்தம்மாள் திரும்பினாள். ஆரோக்கியம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். தோளில் இருந்த குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

பிரசங்கம் சின்னதுதான். நம் ஆண்டவர் காலத்திலும் ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது, செத்தவர்கள்தான் பெரிய பாவிகளா என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றுதான் சொன்னார் என்றார் ஃபாதர். பிறகு ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். மாதா மணி அடித்தாளா என்று மூன்று தோட்டமும் கேட்கிறது, லயத்துக்கு மேலே தண்ணீர் ஓட வேண்டிய கானை ஏன் துப்புரவு பண்ணவில்லை என்று ஒருவராவது கேட்டீர்களா என்றார். கான் வெட்டும் ஆட்களைக் கொழுந்து எடுக்க அனுப்பியது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கான் ஆறு மாதமாக மண் மூடிக் கிடந்ததும் தெரியும்.

மறுநாள் பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பிரியாமல் நின்றார்கள். இந்துக்களும் நாங்களும் ஒன்றாகத்தான். மேட்டு லயத்துக் கானும் வெட்டினால்தான் மலைக்குப் போவோம் என்றார்கள். தோட்டத்துத் துரை முதலில் சத்தம் போட்டார், பிறகு ஆள் கொடுத்தார். மோட்சத்தைப் பார்த்துவிட்டு வந்த சூசைமுத்து கங்காணிதான் முன்னால் நின்று பேசினார். செத்துப் பார்த்தவருக்குத் துரையிடம் என்ன பயம்?

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். பிழைத்தவன் நன்றி சொல்லட்டும். தாராளமாகச் சொல்லட்டும். நானும் சொல்வேன். நன்றி சொல்வது வேறு, காரணம் சொல்வது வேறு. ஆண்டவர் ஏன் என்னைக் காப்பாற்றினார் என்று நான் விளக்கம் கொடுக்கத் தொடங்கிய உடனே, பக்கத்தில் இருப்பவளின் அப்பாவை ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் சேர்த்தே விளக்கம் கொடுத்துவிடுகிறேன். அது என் வேலை அல்ல. நம்மில் பலர் கடவுளுக்குச் செயலாளர் வேலை பார்க்கிறோம், அவர் கேட்காமலேயே.

மெழுகுவர்த்திக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னை மறுபடியும் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். மாஸ்டர், நான் உயிரோடதான் இருக்கேன், பாத்துக்கோங்க என்று போகிற வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். நியாயம்தான். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் மேட்டு லயத்தில் ஒரு சாவு. இறந்தது லூர்தம்மாளின் சொந்த அண்ணன். இந்த முறை நான் வீட்டுக்குள் போய், பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டு, அதற்குப் பிறகுதான் மணி அடித்தேன். தோட்டமே வந்துவிட்டது. கூடப் பிறந்தவளை மட்டும் காணவில்லை.

ஆளாளுக்குத் தேடினார்கள். கடைசியில் புதிதாகக் கட்டிய தற்காலிகக் கொட்டகையில் அவளைக் கண்டுபிடித்தேன். அங்கே ஒருத்தி பிள்ளை பெற்று பத்து நாள். இந்துப் பெண். மற்றவர்கள் எல்லோரும் துக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவளுடைய கட்டில் பக்கத்தில் லூர்தம்மாள் பிலோமினாவின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"என்ன லூர்தம்மா, அண்ணன் மொகத்தைப் பாக்க வரலையா?" என்றேன்.

"வருவேன் மாஸ்டர். அண்ணன்கூட ஆண்டவர் இருக்காரு. இவகூட யாரு இருக்கா?"